பின்பக்க லேபிளில் ஒரு வரி

உங்கள் மேசைமேல் இருக்கும் படிவத்தில் இரண்டு எழுத்துப்பிழை இருக்கிறது, சார். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து தலைகீழாகப் பார்த்தாலும் என் கண்ணில் பட்டுவிடுகிறது. பத்தொன்பது வருடமாக அச்சகத்தில் பிழை பார்க்கிறேன். புத்தகம் இல்லை, லேபிள். சோப்பு, பிஸ்கட், இருமல் மருந்து, கூல்டிரிங்ஸ். பாட்டிலின் பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்குமே, அதை முழுசாகப் படிக்கிற ஒரே ஜென்மம் நான்தான் என்று அச்சகத்தில் கேலி செய்வார்கள்.

என் அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் ஊசி. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடத் தாமதித்தால் சர்க்கரை மளமளவென்று இறங்கும். வியர்த்துக் கொட்டும், நாக்கு குழறும். அப்போது உடனே இனிப்பாக ஏதாவது உள்ளே போக வேண்டும். அவருக்குப் பச்சை மூடி போட்ட லெமன் கூல்டிரிங்ஸ்தான். வீட்டில் அதைச் சோடா என்போம். அதுவும் நிஜச் சர்க்கரை போட்டதாக இருக்க வேண்டும். செயற்கை இனிப்பு போட்டதை ஒரு லாரி குடித்தாலும் இறங்கின சர்க்கரை ஏறாது. அதனால் லேபிள் பார்த்து வாங்குவது என் வேலை. அண்ணன் ஒரு நாளும் படித்ததில்லை. "படிக்கிறது உன் பொழப்பு, குடிக்கிறது என் பொழப்பு" என்பார்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கு நாற்பத்தொரு வயது. எந்த வரனும் கூடிவரவில்லை. யாராவது பார்க்க வருகிற அன்று அண்ணனுக்குச் சர்க்கரை இறங்கிவிடும். என் கெட்ட நேரம் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு மண்டு நான்.

நான்கு மாதத்துக்கு முன் எங்கள் அச்சகத்து பைண்டர் வீட்டுக்கு வந்தார். மனைவியை இழந்தவர், அதிகம் பேசாதவர். என்னைக் கேட்கத்தான் வந்தார். காபி பாதிகூடக் குடித்திருக்க மாட்டார், அண்ணன் நாற்காலியிலிருந்து சரிந்தார். நான் சோடா எடுக்க ஓடினேன். அண்ணன் கண்ணை மூடியபடியே, "இவ போயிட்டா எனக்கு ஊத்திக் குடுக்க யாருங்க இருக்கா? நான் செத்தப்புறம் வந்து கூட்டிட்டுப் போங்க" என்றார்.

பைண்டர் எழுந்து செருப்பை மாட்டினார். "ஒரு உசிரைத் தள்ளிவிட்டுட்டு நான் எப்படிங்க நிம்மதியா இருக்கிறது?" என்று வாசலில் என்னிடம் கேட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

திரும்பி வந்தபோது சோடா இன்னும் என் கையில்தான் இருந்தது, மூடிகூடத் திறக்கவில்லை. என்னவோ தோன்றி, அண்ணன் விரலில் குத்தி மீட்டரில் பார்த்தேன். நூற்று நாற்பது. இறங்கவே இல்லை. "மிஷின் பழசு" என்றார். மறுபடியும் குத்தினேன். நூற்று முப்பத்தெட்டு. அவர் சிரித்தார், சார். "சரி விடு, அந்த ஆளு உனக்குச் சரிப்பட மாட்டான். சாப்பாடு எடுத்து வை" என்றார்.

எடுத்து வைத்தேன். கத்தவில்லை, தட்டை வீசவில்லை. ஆனால் அவ்வளவு கோபம் எனக்கு. என்னைப் பார்க்க வந்தவர்கள் மொத்தம் ஏழு பேர். ஏழு பேர் முன்னாலும் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பதறி ஓடியிருக்கிறேன். அந்தக் கோபம் அப்படியேதான் இருக்கிறது. ஆறிவிட்டது என்று எழுதிக்கொள்ள வேண்டாம்.

அடுத்த வாரம் பச்சை மூடிக் கம்பெனியின் புது லேபிள் என் மேசைக்கு வந்தது. அதே பச்சை, அதே எலுமிச்சைப் படம். உள்ளே இருப்பதுதான் வேறு. சர்க்கரையை எடுத்துவிட்டுச் செயற்கை இனிப்பைப் போட்டிருந்தார்கள். அதைச் சொல்லும் வரி கம்பெனி அனுப்பிய மூலத்தாளில் இருந்தது, லேபிளின் பின்பக்கத்தில் விட்டுப்போயிருந்தது. "யாரும்மா படிக்கப் போறாங்க?" என்றார் முதலாளி. "தெரியாம குடிச்சு யாருக்காவது ஏதாவது ஆயிட்டா என்ன பண்ணுவீங்க?" என்று சண்டை போட்டு அந்த வரியைச் சேர்க்க வைத்தேன். வேண்டுமானால் முதலாளியைக் கேட்டுப் பாருங்கள்.

போன மாதம் புதுப் பாட்டில் கடைக்கு வந்தது. ஒன்று வாங்கி, எப்போதும் வைக்கிற அலமாரியில், அண்ணன் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தேன். பின்பக்க லேபிள் அவரைப் பார்க்கும்படிதான் வைத்தேன். நான்கு நாள் இருந்தது. அவர் படித்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்றரைக்கு அவருக்கு வியர்த்தது. ஊசி போட்டுக்கொண்டு, போனில் கதையடித்தபடி சாப்பாட்டைத் தள்ளிப்போட்டிருந்தார். வழக்கமான நடிப்பு என்று நினைத்துவிட்டதாகச் சொல்லச் சொல்கிறார் என் வக்கீல். நல்ல மனிதர். ஆனால் நான் மீட்டரில் பார்த்தேன், சார். முப்பத்தெட்டு. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து.

பாட்டிலைத் திறந்து டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். மடமடவென்று குடித்தார். இன்னொரு டம்ளரும் குடித்தார். காலி டம்ளரை என்னிடம் நீட்டினார். "ஏறலையே, ஏன்டி ஏற மாட்டேங்குது?" என்றார்.

"கொஞ்சம் பொறுங்கண்ணே, ஏறும்" என்றேன்.

பிறகு அவர் சொன்னது எதுவும் புரியவில்லை. பக்கத்து வீட்டில் இருப்பவர் நர்ஸ். ஒரு குரல் கொடுத்தால் ஓடி வருவார். கொடுத்தேன், ஒன்றேகால் மணிக்கு. அதற்குள் அண்ணன் உயிர் போயிருந்தது.

அந்த ஒன்றேமுக்கால் மணி நேரம் என்ன செய்தாய் என்று கேட்கிறீர்கள். அண்ணனுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் கொளுத்தியது, எனக்கும் தாகமாக இருந்தது. கடையில் பழைய சரக்கில் ஒரே ஒரு பச்சை மூடிப் பாட்டில் மிச்சம் இருந்தது. முழுக்கச் சர்க்கரைதானா என்று லேபிளை இரண்டு தடவை படித்துப் பார்த்து அதையும் வாங்கி வைத்திருந்தேன். அண்ணனுக்கு நினைவு இருக்கும்போதே, அவர் பார்க்கப் பார்க்க, அதைத் திறந்து நான் குடித்தேன். செயற்கை இனிப்பு உடம்புக்கு ஆகாது, சார். நான் அதைத் தொடுவதே இல்லை.