இடுப்பெலும்பில் குடிபுகுந்தவன்

– கேட்டுக்கோக்கா. உன் கை நரம்பு வழியா உள்ள இறங்கினேன். இதயத்துல ஒரு சுத்து. நுரையீரலை ஒரு எட்டு எட்டிப் பார்த்தேன். அப்புறம் யாரையும் வழி கேக்காம நேரா உன் இடுப்பெலும்புக்குள்ள போய்ப் பாயை விரிச்சுட்டேன்.

– போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடி, காது அடைக்குது. என் வார்டுக் கண்ணாடியில மூக்கை ஒட்டாதே. துடைக்கிற அம்மா நேத்தே திட்டினாங்க.

– நம்பலையா?

– எப்படிடா நம்புறது, லிஃப்டு? ரிட்டயர் ஆகுற வரைக்கும் ஒரு பெட்டிக்குள்ள நின்னு மேலயும் கீழயும் போனவன் நீ. இடம் வலம் உனக்கு எங்க தெரியும்? முந்தாநாள் பக்கத்து அறைக் கண்ணாடி முன்னாடி நின்னு, யாரோ ஒரு பெரியவர்கிட்ட அரை மணி நேரம் நலம் விசாரிச்சியாமே.

– எல்லாரும் மொட்டை, எல்லாரும் முகமூடி. நானும் அக்கா அக்காங்கிறேன், அவரும் தலையை ஆட்டிக்கிட்டே இருந்தாரு.

– பாவம், இவ்வளவு பாசமா தன்கிட்ட யாரும் பேசினதே இல்லைன்னாராம்.

– பார்த்தியா.

– என்னத்தைப் பார்க்கிறது? உன் உடம்புலேர்ந்து எடுத்து எனக்கு ஏத்துற செல்லு, என் எலும்பைத் தானே தேடிப் பிடிச்சுப் போகும்னு டாக்டரம்மா சொன்னப்பவே எனக்கு நம்பிக்கை வரலை. கணுக்கால்ல நின்னுக்கிட்டுத் திருதிருன்னு முழிக்கும்னு நினைச்சேன்.

– நம்ம செல்லு வேற ரகம்கா. எடுக்கறப்ப மெஷினே திணறிப்போச்சு. ஒரு செல்லு டியூப் வாசல்ல நின்னுக்கிட்டு, ‘தள்ளாதீங்க, வரிசையில வாங்க’ன்னு மத்ததை எல்லாம் அதட்டுது. என் காதால கேட்டேன்.

– ரெண்டு கையிலயும் ஊசியோட குறட்டை விட்டுத் தூங்கினியாம். நர்ஸ் சொன்னாங்க.

– அதுக்கு முன்னாடி தினமும் ஒரு ஊசி போட்டாங்களே, அதைக் கேளு. எலும்புக்குள்ள இருக்கிறவனை எல்லாம் கிளப்பி ரத்தத்துக்கு விரட்டுற ஊசி. குடியிருந்தவன் அத்தனை பேரும் பெட்டி படுக்கையோட ஒரே நேரத்துல வாசல்ல வந்து முட்டினா எப்படி இருக்கும்?

– ரொம்ப வலிச்சுதாடா?

– சும்மா, கொசு கடிச்ச மாதிரி.

– உட்காரவும் முடியலை, படுக்கவும் முடியலைன்னு உன் பொண்டாட்டி சொன்னா.

– அவ எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வா.

– ஆமா, உங்க வீட்டுல கூட்டிச் சொல்றது அவதான்.

– அதை விடு. காலையில ரத்தம் எடுத்தாங்கல்ல? வெள்ளணு ஏறியிருக்கா?

– எடுத்தாங்க. நீ பாயை விரிச்சே, அப்புறம்?

– அப்புறம் என்ன, காலி மண்டபமா கிடந்துச்சு. நான் போய்த்தான் விளக்குப் போட்டேன்.

– அங்கதான் தப்புப் பண்றே. மருந்து கொடுத்துக் காலி பண்ணது புத்துநோய் பிடிச்ச பழைய ஆளுங்களை. வீடு என்னோடது, அப்படியேதான் இருக்கு. டாக்டரம்மா படம் போட்டே காட்டினாங்க. எலும்புக்குள்ள ரத்தக்குழாயை ஒட்டி என்னோட செல்லுங்க ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கு. அதுங்க வாசனை மாதிரி எதையோ வெளிய விட்டு, ரத்தத்துல அலையுற செல்லைக் கூப்பிடுதுங்க. வந்ததைக் கையைப் பிடிச்சு உட்கார வைக்குதுங்க. சாப்பாடு போடுதுங்க.

– அப்ப நான் வழி கண்டுபிடிக்கலையா?

– நாங்க கூப்பிட்டோம், நீ வந்தே.

– சரி, வந்துட்டோம். உடனே வேலையில இறங்கிட வேண்டியதுதானே?

– அதான் கூடாது. எல்லாரும் ஒரேயடியா ரத்தம் பண்ணக் கிளம்பினா சீக்கிரமே ஓய்ஞ்சு போயிடுவாங்களாம். அதனால கொஞ்சம் பேரை மட்டும் வேலைக்கு அனுப்பிட்டு, மிச்சப் பேரைத் தூங்க வைக்குதுங்க. நாளைக்கும் ஆள் வேணும்ல? அத்தனை வருஷம் பெண்கள் ஹாஸ்டல் வார்டனா இருந்தவ எலும்பு வேற எப்படி இருக்கும்?

– தூங்கச் சொன்னா நம்ம ஆளுங்க முதல் வரிசையில நிப்பாங்க.

– அதுல எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

– அக்கா.

– என்ன, குரல் இறங்குது?

– அறுபது வயசு தாண்டின செல்லு அது, அக்கா. இளசா ஒருத்தர் கிடைச்சா தேவலைன்னு டாக்டரம்மா சொன்னாங்க. தேடித் தேடிப் பார்த்தும் பொருந்தினது நான் ஒருத்தன்தான். இது ஒட்டலைன்னா உனக்கு வேற ஆளே கிடையாது. பஸ்ல வரும்போதெல்லாம் அதுங்ககிட்டப் பேசிக்கிட்டே வரேன். ‘என்னை மாதிரி தொலைஞ்சு நிக்காதீங்கடா, ஒழுங்காப் போய்ச் சேருங்கடா’ன்னு. பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேற இடத்துக்குப் போயிட்டாரு.

– கண்ணைத் துடைடா. அந்தப் பக்கம் கண்ணாடி மங்குது.

– வெள்ளணு என்ன ஆச்சுன்னு சொல்லேன்க்கா.

– போன வாரம் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்கலை, ஞாபகம் இருக்கா? இந்த வாரம் மெதுவா ஏற ஆரம்பிச்சிருக்கு. தற்செயலா இருக்கப்போகுதுன்னு டாக்டருங்க வாயைத் திறக்காம இருந்திருக்காங்க. இன்னிக்குக் காலையில டாக்டரம்மா சிரிச்சுக்கிட்டே உள்ள வந்தாங்க. உன் செல்லு ஒட்டிக்கிச்சாம். உறுதியாச் சொல்லிட்டாங்க.

– காலையிலயேவா? நான் இங்க நின்னு தொண்டைத் தண்ணி வத்தப் பேசிக்கிட்டு இருக்கேன். வந்ததும் சொல்றதுக்கு என்ன?

– சொன்னா உடனே அழுதுடுவே. அதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் நீ அளக்கிறதைக் கேட்டுக்கிட்டே இருக்கணும்போல இருந்துச்சு. ஏன்னா இந்த ஒரு தடவை, நீ சொன்னதெல்லாம் நிஜமாவே நடந்துடுச்சுடா.