அதே ஷூதான்

ஹலோ... ஹலோ, செயற்கைக் கால் செய்யற இடம்தானே? ... ஆமா, ஆமா. வணக்கம் சார். அளவெடுக்கற அம்மா இருக்காங்களா? ... கண்ணாடி போட்டவங்க. காதுல எப்பவும் ஒரு பென்சில் சொருகியிருப்பாங்களே, அவங்க. ... என்னது, இப்ப அளவெடுக்கறது இல்லையா? எப்பலேர்ந்து? ... ஓ. ... புகார் வந்துச்சா. ... ம். ... ம். தெரியும் சார். ... இல்ல, எப்படித் தெரியும்னா... விடுங்க. இப்ப எங்க இருக்காங்க? ... அச்சுக்குப் பிளாஸ்டர் மாவு கலக்கற ரூம்லயா? அவ்வளவு கை தெரிஞ்சவங்களையா? ... சரி, சரி. கொஞ்சம் கூப்பிடுங்க சார். எவ்வளவு நேரமானாலும் நிக்கறேன். நிக்கறேன்னா, உக்காந்துதான்.

... நீ ஏன் கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறே? உள்ள போ. ... இல்லடி, உன் தம்பி பேரை இழுக்க மாட்டேன். ... சத்தியமா. போ.

ஹலோ... அம்மா, வணக்கம்மா. நான் தையல் மெஷின் ரிப்பேர்க்காரன். இடது கால், முட்டிக்குக் கீழ. ... ஆமா. ... ஆமாம்மா, அன்னிக்குக் கத்தின அதே ஆள்தான். ... வெச்சிடாதீங்க, வெச்சிடாதீங்க! சண்டைக்குக் கூப்பிடலை. ரெண்டே நிமிஷம்.

... புண்ணா? இல்ல, புண்ணு இல்ல. சிவப்பா இருக்கு. ... எங்கன்னா... இருங்க, கழட்டிப் பார்த்துச் சொல்றேன். ... மேல முன்பக்கம். அப்புறம் கீழ, பின்பக்கம் முனையில. ... அமுக்கினா வெளுக்குது. ... ஆமா, நீங்க சொன்னீங்களே, கழட்டிப் பத்து நிமிஷத்துல மறையற சிவப்பு பரவால்ல, மறையாத சிவப்பு ஆகாதுன்னு. இது மறைய எப்பவும் கால் மணி நேரம் ஆகுது. ... சரி. ... சரிம்மா, இனிமே மாட்டலை. ஊன்றுகோல் இருக்கு.

பாருங்க. உங்களை அத்தனை பேர் நடுவுல 'தொழில் தெரியாம எதுக்கு அளவெடுக்கறே'ன்னு கேட்டவன் நான். நீங்க முதல்ல என் தோலைப் பத்திக் கேக்கறீங்க. எனக்கு எங்க போய் முகத்தை வெச்சுக்கறதுன்னு தெரியலை.

... விஷயம் இருக்கு. சொல்றேன், சொல்றேன். வர மாட்டேங்குது. ... ஒரு கதை சொல்லட்டுமா? சின்னதுதான்.

என் கடைக்கு ஒரு வாடிக்கைக்காரம்மா. தையல் விட்டு விட்டு விழுதுன்னு மெஷினைத் தூக்கிட்டு வருவாங்க. நான் ஓட்டிப் பார்த்தா ஜம்முன்னு ஓடும். வீட்டுக்குப் போனா மறுபடியும் அதே கதை. மூணு தடவை. நானும் எண்ணெய் விட்டேன், துணியை நகர்த்தற பல்லைச் சுத்தம் பண்ணேன், நூல் இழுவையை மாத்தினேன். கடைசியில பார்த்தா, கடைக்கு வரும்போது மட்டும் புது ஊசி மாட்டிக் கொண்டு வராங்க! வீட்டுல தைக்கறது மொட்டை ஊசியில. அதை எனக்குக் காட்ட வெட்கமாம். நான் அவங்களை என்ன பேச்சுப் பேசினேன்ங்கறீங்க! 'எங்கிட்ட மறைச்சா மெஷினா வந்து சொல்லும்'னு...

... அம்மா? இருக்கீங்களா?

... ஆமா. ... ஆமாம்மா. நீங்க நினைக்கறதுதான்.

அந்த ஷூ என்னுது இல்ல.

... மச்சானோடது. ... ஆமா, இரவல். ... மூணு தடவையும். அளவுக்கு வந்தப்பவும் அதுதான், நடந்து பார்த்தப்பவும் அதுதான், புகாரோட வந்தப்பவும் அதே இரவல்தான். வீட்டுல நான் போடறது ரப்பர் செருப்பு. ... தட்டைதான். குதிகாலே கிடையாது.

... நீங்க சொன்னீங்கம்மா! சொல்லலைன்னு யார் சொன்னா? 'தினமும் போடற ஜோடியைக் கொண்டு வாங்க, அந்தக் குதிகாலுக்குத் தக்கபடிதான் பாதத்தைச் சாய்ச்சு வெப்பேன்'னு முதல் நாளே சொன்னீங்க. செருப்பா ஷூவான்னு வேற கேட்டீங்க. செருப்புன்னா கட்டைவிரல்கிட்ட பிளவு விட்ட பாதம் போடணும்னு. நான் ஷூன்னேன். தினமும் ஷூவான்னீங்க. தினமும்னேன். ... ஏன்னா... அந்த வரிசையில உக்காந்திருந்தேன்ல. எல்லாரும் கால்மேல கண்ணா இருக்கற இடம். அங்க போய், வார் அறுந்து ஊக்கு குத்தின செருப்பை உங்க மேஜைமேல வெக்கறதா? கால்தான் போச்சு, இதுவுமான்னு தோணுச்சு.

... எப்படியா? நேத்துதான் கண்டுபிடிச்சேன். மச்சான் வந்தான். சும்மா ஒரு சந்தேகம். ஷூவை வாங்கி, கழட்டி வெச்ச செயற்கைக் காலுக்கு மாட்டி, துணி வெட்டற மேஜைமேல நிறுத்தினேன். மெஷின் பாபின்ல நூலைக் கட்டி, தூக்குக்குண்டு மாதிரி பக்கத்துல தொங்கவிட்டேன். அம்மா, காலோட குழாய் நூலோட ஒட்டி நேரா நிக்குது! மயிரிழை பிசகலை. அப்புறம் ஷூவைக் கழட்டிட்டு, எப்பவும் போல நாடாவால கட்டிச் செருப்பை மாட்டினேன். குழாய் பின்னாடி சாயுது. மேல முனையில பார்த்தா மூணு விரல் இடைவெளி. சமதரையில நடந்தாலும் மேடு ஏறற மாதிரி இருக்கே, முட்டியைப் பின்னாடி தள்ளுதேன்னு உங்ககிட்ட கத்தினேனே, தள்ளாம என்ன பண்ணும்? அந்த ஷூவுக்கு ஒரு இஞ்சுக் குதிகால் வேற, உயரம் காட்ட உள்ள அட்டை வேற. ஆளு கொஞ்சம் குள்ளம், அதனால...

... சரிடி, சொல்லிட்டேன், வாய் தவறிடுச்சு! அவங்க யாருகிட்ட போய்ச் சொல்லப் போறாங்க? ... மன்னிச்சுக்கங்கம்மா, வீட்டுல. தம்பியைச் சொன்னா பொறுக்காது.

... சிரிக்கறீங்களா? ... இல்ல? ... அழாதீங்கம்மா. ... ஐயோ. ... ராத்திரியெல்லாம் அளவுச் சீட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தீங்களா? எதுல தப்புப் பண்ணேன்னா? ... இல்லம்மா. உங்க கையில தப்பே இல்ல. அன்னிக்கு எலும்பு துருத்தற இடத்துக்கெல்லாம் பென்சில்ல குறி வெச்சு, அது மாவு அச்சுல வந்து விழுந்தப்போ நான் வாயைப் பிளந்து பார்த்தேனே, மறந்துட்டீங்களா? எலும்பு இருக்கற இடத்துல மாவை ஏத்தி, சதை தாங்கற இடத்துல மாவைச் சுரண்டி... அந்த வேலை பார்த்தவங்களைப் போய்...

உங்க பெரிய சாரைக் கூப்பிடுங்க. ... இருக்கட்டும். கூப்பிடுங்கம்மா. இப்ப சொல்லலைன்னா நாளைக்கு எனக்கு நாக்கு புரளாது.

... வணக்கம் சார். ஆமா சார், புகார் எழுதிக் கொடுத்தவன். ... நீங்க அன்னிக்கு ஒண்ணு கேட்டீங்க சார். 'வீட்டுலயும் இதே ஷூதானா?'ன்னு. நான் அதே ஷூதான்னேன். ... பொய்னு இல்ல சார், அங்க வரும்போதெல்லாம் அதே ஷூதானே... இல்ல. ... இல்ல சார். பொய்தான். பச்சைப் பொய். அவங்க கேட்டாங்க, நான் மறைச்சேன். அளவு சரி, கால் சரி, ஆள்தான் சரியில்ல. ... எழுதித் தரேன். ... வந்து நேர்லயே சொல்லணுமா? ... எல்லாரும் இருக்கும்போதா சார்? ... ம். ... நியாயம்தான். கத்தினது எல்லார் முன்னாடியும், மன்னிப்பு மட்டும் போன்லயா? சொல்றேன் சார். அவங்க திரும்ப அளவெடுக்கற இடத்துக்கு வந்தா சொல்றேன். ... இல்ல, இல்ல, நிபந்தனை போட எனக்கு என்ன யோக்கியதை? வரலைன்னாலும் சொல்றேன். ... நாளைக்கேவா? ... அளவு மேஜைக்கு அவங்களே திரும்ப வராங்களா? சந்தோஷம் சார். ரொம்ப... சரி சார். அவங்ககிட்ட கொடுங்க.

... அம்மா. கேட்டுச்சா? ... ம். ... அச்சு திரும்ப எடுக்க வேண்டாமா? கால் புதுசா... வேண்டாமா? ... பாதத்தை மட்டும் மாத்தி, குழாய் சேர்ற இடத்துல திருகைச் சரி பண்ணா போதுமா? நாலு திருகா? எதிரும் புதிருமா? ... ஓகோ, ஒண்ணைத் தளர்த்தி எதிர்ல இருக்கறதை இறுக்கினா அந்தப் பக்கம் சாயும்! அடடா, எவ்வளவு சுலபமா... மெஷின் பல்லோட உயரம் வெக்கறதுக்கு எங்ககிட்டயும் இப்படித்தான்... சரி, சரி, நான் பேசக் கூடாது. அரை மணி நேர வேலைக்கு மூணு மாசம் உங்களை...

... சாயங்காலமானா கால் உள்ள தொளதொளன்னுதான் ஆகுது. ... ஆமா, காலுறை இன்னொண்ணு போடச் சொன்னீங்க. சதை சுருங்கச் சுருங்கக் கூட்டணும். அதையும் கேட்டேன், செய்யலை. ... செய்யறேன்.

காலையில எத்தனை மணிக்கு? ... சரி. ... செருப்பா? ... அது வந்து... புதுசு ஒரு ஜோடி வாங்கிட்டு வந்துடட்டுமா? ... வேண்டாமா? ... இல்லம்மா, வலது தேஞ்சு தகடாயிடுச்சு. இடது புதுசு மாதிரியே இருக்கு. இந்தக் கால் வர்ற வரைக்கும் ஒரு வருஷம் அதுக்கு வேலையே இல்லையே. பார்க்கறவங்க... ... அந்த வித்தியாசத்தையும் பார்க்கணுமா? ... மேஜைமேலயா வெக்கணும்? ... ஊக்கையாவது எடுத்துடறேனே. ... அப்படியேவா.

... ம்.

... ஆமாம்மா. அதே செருப்புதான்.