வல்லாரை வேந்தருக்கு வேண்டாத மாத்திரை

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் மாத்திரை நிறுவனப் பங்குதாரர் கிருபாகரன் அவர்களே, மாலையும் கையுமாக மேடையை நிறைத்திருக்கும் பெருமக்களே, அண்ணனூரிலிருந்தும் கள்ளிக்குப்பத்திலிருந்தும் வந்து இந்தப் புழுக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம். நான் அனுசுயா. முனைவர் ஜானகிராமனின் ஆய்வுக்கூடத்தில் எலிகளை வைத்துச் சோதனை செய்தவள்.

நீங்கள் வல்லாரை வேந்தர் என்று கொண்டாடும் அந்த ஜானகிராமன் போய்விட்டார்! மாரடைப்பு. ஒரு நொடியில் முடிந்துவிட்டது. கொடுத்துவைத்தவர்! அவரை நம்பியவர்கள் படுகிற பாட்டில் ஒரு துளிகூட அவர் படவில்லை.

அவர் என்ன சாதித்தார்? மூளை அழற்சி என்று ஒரு நோய். மூளை வீங்கும், வலிப்பு வரும், ஆள் அடையாளம் மறக்கும். அதற்காக வல்லாரையிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்தார். உண்மைதான். எலிகளுக்கு வீக்கம் வடிந்தது. எப்படி வடிந்தது? மண்டையில் துளைபோட்டு நேராக மூளைக்குள் செலுத்தினோம். வாய்வழியாகக் கொடுத்தபோது மூளைக்கு எதுவுமே போய்ச் சேரவில்லை. எலிகள் செத்தன. அதை அவரிடமே சொன்னேன்.

"இன்னாம்மா நீ, ஜனங்க மண்டையில ஓட்டையா போட முடியும்? மாத்திரையாத்தான் குடுத்தாவணும்" என்று சிரித்தார். முனைவர் பட்டம் வாங்கியும் முத்தாபுதுப்பேட்டைப் பேச்சை விடாத எளிமை! மாத்திரை கடைக்கு வந்தது. நான் வேலையை விட்டேன்.

கடைசி வரிசையில் துலுக்கானம் உட்கார்ந்திருக்கிறார், பாருங்கள். அவர் மகள் சித்ராவுக்கு இதே நோய். ஆஸ்பத்திரி மருந்தில் எழுந்து நடமாடினாள். "அத்த நிறுத்து நைனா, கிட்னி பூடும்" என்று வேந்தர் திருவாய் மலர்ந்தார். நிறுத்தினார்கள். வலிப்பு திரும்பி வந்தது. இப்போது அந்தப் பெண் தகப்பனைப் பார்த்து, "யார்யா நீ? இன்னாத்துக்கு என் ஊட்ல கீற?" என்று கேட்கிறாள். அந்தத் தகப்பன் இங்கே ஏன் வந்திருக்கிறார்? வேந்தர் நினைவாக வாசலில் இலவசமாகத் தரும் மாத்திரைக்காக!

இனி, யாரும் பேசாத ஒன்றைப் பேசுகிறேன். போன கார்த்திகையில் வேந்தருக்கே மூளை அழற்சி வந்தது. அவர் மனைவி தாட்சாயிணி அழுதுகொண்டே என்னைத்தான் கூப்பிட்டார். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே அம்மையார் பக்தியோடு வல்லாரை மாத்திரையை நீட்டினார். நாக்குக் குழறிய நிலையிலும் வேந்தர் தெளிவாகச் சொன்னார்:

"அத்த அப்பால போடு. டாக்டரு குடுக்கறத குடு."

டாக்டர் கொடுத்தார், இவர் பிழைத்தார். வீட்டுக்கு வந்து மறுபடியும் அதே மாத்திரையை விற்றார்! இப்படி ஒரு மனிதருக்கு நாட்டில் இன்னும் சிலை இல்லையே! அம்மையார் முன்வரிசையில்தான் இருக்கிறார். தலையைக் குனிந்துகொண்டார்.

கிருபாகரன், மைக்கை இழுக்காதீர்கள். அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லத்தானே கூப்பிட்டீர்கள்? சொல்கிறேன். அவர் செய்த ஒரே உருப்படியான காரியம், தனக்கு வந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போனது. அதைத் தொடர்வோம்.

துலுக்கானம், எழுந்திருங்கள். வேந்தரைப் பிழைக்கவைத்த டாக்டரிடம் பேசிவிட்டேன். பழைய சித்ரா முழுதாகத் திரும்புவாளா என்று அவர் உறுதி சொல்லவில்லை. இன்னும் தாமதித்தால் திரும்பவே மாட்டாள் என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னார். என் கார் வாசலில் நிற்கிறது. மகளைக் கூட்டிக்கொண்டு நேராக அங்கே போகிறோம். மற்றவர்கள் எழுந்து நின்று மௌனம் அனுசரியுங்கள். எங்களுக்கு நேரமில்லை.