ஏழாம் நம்பர், ஓவர்

ஜீப்புக்கு வயர்லெஸ் செட் பூட்டுகிறவன் முதலில் கூரையைப் பார்க்க வேண்டும், ஐயா. வருகிறவர்கள் செட்டைத்தான் பார்ப்பார்கள், எத்தனை வாட் என்று கேட்பார்கள். ஏரியல் நட்டநடுக் கூரையில் நிமிர்ந்து நிற்காவிட்டால் எந்த செட்டும் வெறும் டப்பாதான். கூரையில் துளை போட மனம் வராமல் பம்பரில் கட்டிக்கொண்டு போவார்கள். பிறகு மலைக்கு அந்தப் பக்கம் கேட்கவில்லை என்று என்னிடமே சண்டைக்கு வருவார்கள். நோர்வூட்டில் இதை ஒழுங்காகச் செய்கிறவன் நான் ஒருவன்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. நீங்கள் என் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதும்போது இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஏனென்றால், புதன்கிழமை விபத்துக்கு செட்டில் இருந்த பழுதுதான் காரணம் என்று கடைத்தெருவெல்லாம் பேச்சு. உர லொறி ஓட்டிய நிரோஷன் சொல்லாமல் கொள்ளாமல் மலைப்பாதையில் ஏறிவிட்டான் என்று இன்னொரு பேச்சு. அதை நம்பி நீங்களும் அவனை உள்ளே வைத்திருக்கிறீர்கள். இரண்டும் பொய். நிரோஷன் சொல்லிவிட்டுத்தான் ஏறினான். விபத்தில் சிக்கிய ஏழாம் நம்பர் ஜீப்பில் இருந்தது நான் பூட்டிய செட், அதில் ஒரு பழுதும் இல்லை. இதைச் சொல்லத்தான் கடையை அடைத்துவிட்டு வந்தேன்.

தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனுக்குப் போகும் பாதை உங்களுக்குத் தெரியும். மேலே முனீஸ்வரன் கோயில், கீழே பாலம், நடுவில் ஒன்பது வளைவு. ஒரு வண்டிக்கு மட்டும்தான் இடம். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். போனுக்கு சிக்னல் கிடையாது. அதனால்தான் நாலு வருசத்துக்கு முன்பு தோட்டத்து ஜீப், லொறி பதினொன்றுக்கும் செட் பூட்டச் சொன்னார்கள். பாதைக்கு விதி எழுதியதும் நான்தான். இறங்குகிறவர் கோயிலடியில் நின்று சொல்ல வேண்டும், ஏறுகிறவர் பாலத்தடியில் நின்று சொல்ல வேண்டும். நம்பர், இடம், விசயம், கடைசியில் ஓவர். சொல்லிவிட்டுப் பத்து எண்ண வேண்டும். யாரும் பதில் சொல்லாவிட்டால் பாதை காலி. மௌனம் சம்மதம் என்பார்களே, எங்கள் பாதையில் அதுதான் பச்சை விளக்கு.

இதையெல்லாம் அட்டையில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, என் கைக்காசில் ஒவ்வொருவருக்கும் கொடுத்தேன். ஏழாம் நம்பர் ஜீப் நல்லமுத்து அந்த அட்டையை மடித்து, ஆடுகிற கதவுக் கண்ணாடிக்கு ஆப்பு வைத்தார்.

நல்லமுத்துவுக்கு ஐம்பது வயதிருக்கும். நல்ல டிரைவர், அதை மறுக்க மாட்டேன். ஆனால் வாய். காலையில் மைக்கை எடுத்தால் இறக்கி வைக்கமாட்டார். கிரிக்கெட் ஸ்கோர், யார் வீட்டில் கோழி அடித்தார்கள், எந்தக் கங்காணிக்கு வயிற்றுப்போக்கு, எல்லாம் அதில் வரும். கோயிலடிக்கு வந்தால் நம்பர் சொல்லமாட்டார். "முனியாண்டி வண்டி வருது, ஒதுங்குங்கடா!" என்று ஒரு கூச்சல், அவ்வளவுதான். ஒருவர் மைக்கை அழுத்திக்கொண்டிருந்தால் மற்றவர் பேச முடியாது, ஐயா. ஓவர் சொல்லாவிட்டால் அவர் முடித்துவிட்டாரா இல்லையா என்று எதிரே இருப்பவருக்கு எப்படித் தெரியும்? எத்தனை தரம் சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்பார்களே, சொல்லச் சொல்ல எனக்கு 'ஓவர் நானா' என்று பட்டப்பெயர் வைத்தார். இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அவருடைய சத்தத்தை வைத்தே அவர் எந்த வளைவில் வருகிறார் என்று மற்ற டிரைவர்மார் கண்டுகொள்வார்களாம். இப்போது சொல்கிறார்கள். அதற்குப் பெயர் ஒழுங்கா?

கடையில் நானும் ஒரு செட் வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு நாள் கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது அதில் என் குரல் கேட்டது. என் குரல் இல்லை, நல்லமுத்து என்னைப்போலப் பேசுகிறார். "இது ஓவர் நானா பேசுறேன். றுக்கையா, பசிக்குது, சோத்தப் போடு. ஓவர்." பதினொரு வண்டியிலும் சிரிப்பு. கடையில் நின்றவர்களும் சிரித்தார்கள். றுக்கையா என் மனைவி. தேத்தண்ணீர்க் கோப்பையோடு உள்ளேயிருந்து வந்தவள், அவளும் சிரித்தாள்.

"சும்மா பகிடிக்குத்தானே சொல்றாரு, அதுக்கு ஏன் மூஞ்சத் தூக்கி வெச்சிருக்கீங்க?" என்றாள்.

அன்று சோறு இறங்கவில்லை. ஆனால் நான் செய்தது அதற்காக இல்லை. அதைத் தெளிவாக எழுதுங்கள்.

திங்கட்கிழமை நல்லமுத்து ஜீப்பைக் கொண்டுவந்தார். "எஞ்சின ரேஸ் பண்ணுனா செட்டு கொய்ங்னு கத்துது நானா, என்னான்னு பாருங்க" என்றார். யாரோ வயரை இடம் மாற்றிக் கட்டியிருந்தார்கள். பெட்டரியிலிருந்து புது வயர் இழுத்து, எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கினேன். சத்தம் நின்றது. அவர் எதிர்க்கடையில் ரொட்டி சாப்பிடப் போனார். நான் செட்டைக் கம்பியூட்டரில் மாட்டினேன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒவ்வொரு செட்டும் பேசும்போது நம் காதுக்குக் கேட்காத மெல்லிய ஒலி ஒன்று கூடவே போகும். அதைச் சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாவி பொருந்தினால்தான் மற்ற செட் திறக்கும், இல்லாவிட்டால் அது ஊமையாகவே இருக்கும். நல்லமுத்துவின் செட்டில் பேசும் பக்கத்துச் சாவியை மட்டும் மாற்றினேன். கேட்கும் பக்கத்தைத் தொடவில்லை. ஆகவே மற்றவர்கள் பேசுவது அவருக்குக் கேட்கும். மைக்கை அழுத்தினால் சிவப்பு விளக்கும் எரியும். அவர் பேசுவது மட்டும் யாருக்கும் கேட்காது. ஒரு கிழமைக்குத்தான் நினைத்தேன். அடுத்த திங்கள் கூப்பிட்டுப் பழையபடி ஆக்கிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

என் கடை செட்டுக்குச் சாவி கிடையாது. திருத்த வேலைக்காக எல்லாவற்றையும் கேட்கும்படி வைத்திருக்கிறேன். அவருடைய பேச்சு எனக்கு மட்டும் கேட்டது.

செவ்வாய்க்கிழமை போல ஒரு நாள் எனக்கு நாலு வருசத்தில் கிடைக்கவில்லை. பேச வேண்டியவர்கள் பேசினார்கள், முடித்தார்கள். பின்னேரம் லொறிக்கு பல்ப் வாங்க வந்த நிரோஷன் கேட்டான். "நல்லமுத்து அண்ணன் சத்தத்தையே காணோம் நானா. திருந்திட்டாரோ?"

"மனுசன் திருந்துறது நல்லதுதானே" என்றேன்.

நல்லமுத்து பேசிக்கொண்டேதான் இருந்தார். "என்னாங்கடா, எல்லாருக்கும் எம்மேல கோவமா? ஒருத்தனாச்சும் வாயத் தொறங்கடா" என்று மலை முழுக்கக் கேட்டுக்கொண்டு போனார். கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. கொஞ்சம் சிரிப்பும் வந்தது.

பாதையைப் பற்றி நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். யோசித்தேன். ஆனால் அவர் கோயிலடியில் என்றைக்கு ஒழுங்காகச் சொன்னார்? சொல்லாத மனிதனின் வாயைக் கட்டினால் யாருக்கு என்ன நட்டம்? அப்படித்தான் கணக்குப் போட்டேன். இப்போதும் அந்தக் கணக்கில் பிழை இருப்பதாகத் தெரியவில்லை. அவர் அன்றைக்கு மாறிவிட்டார், அதுதான் பிழை.

புதன்கிழமை பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கிளினிக். மேல் டிவிசன் லயத்து வீட்டிலிருந்து சர்மிளா என்ற பிள்ளையை நல்லமுத்து ஏற்றிக்கொண்டு வந்தார். அவளுக்குத் தலைப்பிள்ளை, வயிற்றில் எட்டு மாதம். பத்து மணி தாண்டியும் பனி விலகவில்லை. என் கடை வாசலிலிருந்து எதிர்க்கடைப் பலகையையே வாசிக்க முடியவில்லை. நான் ஒரு ஹெட்லைட்டுக்கு ஈயம் ஒட்டிக்கொண்டிருந்தேன். செட் பேசியது.

"ஏழாம் நம்பர். கோயிலடி. எறங்குறேன். வயித்துப்புள்ளக்காரி ஒண்ணு இருக்கு, மெதுவாத்தான் வருவேன். ஓவர்."

ஈயக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். நல்லமுத்துவா? நம்பர், இடம், விசயம், எல்லாம் வரிசையாக வந்தது. அந்தப் பெண்ணுக்காகத்தான் இருக்கும். அட்டையை அவர் வாசித்திருக்கிறார், ஐயா. வாசித்துவிட்டுத்தான் கண்ணாடிக்கு வைத்திருக்கிறார். யாரும் பதில் சொல்லவில்லை. பத்து எண்ணிவிட்டு இறங்கியிருப்பார்.

மூன்று நிமிசம் போயிருக்கும். நிரோஷன் சொன்னான். "மூணாம் நம்பர். பாலத்தடி. ஏறுறேன். ஓவர்."

உடனே நல்லமுத்து பதில் சொன்னார். "ஏழாம் நம்பர். நான் பாதைக்குள்ளதான் இருக்கேன், மூணாவது வளைவு. பாலத்தடியிலேயே நில்லு தம்பி. ஓவர்."

இது நிரோஷனுக்குக் கேட்டிருக்காது. அவனும் விதிப்படி பத்து எண்ணியிருப்பான். இருவரும் எதையும் தவறவிடவில்லை. இதற்கு மேல் ஒழுங்காக அந்தப் பாதையில் யாரும் பேசியது கிடையாது.

என் மைக் கைக்கெட்டும் தூரத்தில்தான் தொங்கியது. கையை அதன்மேல் வைத்தேன், அதையும் எழுதுங்கள். "நிரோஷன், நில்லு" என்று இரண்டு சொல் போதும். ஆனால் யாருக்கும் கேட்காதது எனக்கு மட்டும் எப்படிக் கேட்டது என்று கேட்பார்களே. அதோடு, கடை செட் தானாகக் குறுக்கே பேசக்கூடாது, நம்பர் சொல்லிக் கூப்பிட்டால்தான் பேச வேண்டும். அட்டையில் நாலாவது வரி அது. நான் எழுதிய வரி.

அப்புறம் அவர் கூப்பிட்டார்.

"ஏழாம் நம்பர், நோர்வூட் கடைக்கு. நிரோஷன் நின்னுட்டானான்னு கேட்டுச் சொல்லுங்க நானா. லொறிச் சத்தம் கேக்குற மாதிரி இருக்கு. ஓவர்."

ஐந்தாவது வளைவில் மோதியது. ஜீப்தான் பள்ளத்தில் விழுந்தது. நல்லமுத்துவை மேலே தூக்கும்போதே உயிரில்லை. சர்மிளா நுவரெலியா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், பிள்ளை தங்கவில்லை. இதெல்லாம் உங்கள் ஏட்டில் இருக்கும். நிரோஷனை விட்டுவிடுங்கள், அவன் விதிப்படி நடந்தவன்.

அவர் கூப்பிட்டதற்கும் மோதியதற்கும் நடுவில் ஒரு நிமிசமாவது இருந்தது. நம்பர் சொல்லித்தான் கூப்பிட்டார். விதிப்படி நான் பேசலாம். பேசியிருக்க வேண்டும். ஏன் பேசவில்லை என்றுதானே கேட்கிறீர்கள். நாலு வருசமாக ஓவர் என்கிற அந்த ஒரு சொல்லுக்காகத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன், ஐயா. அன்றைக்கு மூன்று தரம் சொல்லிவிட்டார், கடைசித் தரம் என்னிடமே. இன்னொரு தரம் சொல்வார் என்று காத்திருந்தேன்.