சுவிட்சுப் பக்கத்தில் நின்றவள்

கிட்ட வா கண்ணு. அந்த நாற்காலி ஒரு காலில் ஆடும், இந்தப் பெஞ்சில் உட்கார். கதவைச் சாத்திவிடு, பனி உள்ளே வந்தால் காபி ஆறிப்போகும். நம் செடியில் பறித்து வறுத்த காபி, சிக்கரி கலக்கவில்லை. குடித்துக்கொண்டே கேள், உனக்கு ஒரு கதை சொல்கிறேன். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கதை சொன்னவள் இந்தப் பிரிஸ்கில்லா. எதையும் பாதியில் விட்டதில்லை.

காக்கிச் சட்டையில் ஐஸ்வர்யா என்று போட்டிருக்கிறது. நல்ல பெயர். என் கணவர் ஜேசுதாஸ் செத்த வழக்கை மூடிவிட்டோம் என்ற காகிதத்தில் கையெழுத்து வாங்க வந்திருக்கிறாய். அதில் நாலாவது வரியில் 'கவனக்குறைவால் மின்சாரம் தாக்கி' என்று எழுதியிருக்கிறது. அந்த வார்த்தையை அடித்தால்தான் கையெழுத்துப் போடுவேன். அவரிடம் கவனக்குறைவு என்பதே கிடையாது. செத்த மனுஷன் மேல் இல்லாத குறையை எழுதுவதை நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.

எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர் அவர். வேலையிலிருந்து நின்ற பிறகு, காபிக்கொட்டை மூட்டை அடுக்கும் பின்னறையைக் காலி செய்து மேஜை போட்டார். கிராமபோன் தட்டில் ஓடும் முள்ளிலிருந்து வருகிற ஒலி கொசு ரீங்காரத்தைவிடச் சின்னது. அதைக் கலைக்காமல் பெரிதாக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்ப நடுவில் ஒரு பெட்டி வேண்டும். ஃபோனோ ப்ரீஆம்ப் என்பார்கள், நாங்கள் பெட்டி என்போம். அந்தப் பெட்டியைக் கையாலேயே செய்வார். கண்ணாடி வால்வு, ஒவ்வொன்றின் மேலும் அலுமினிய மூடி, கம்பிகளைத் தலை பின்னுகிற மாதிரி பின்னிப் பற்றவைத்திருப்பார். எரிகிறதா என்று காட்டும் சிவப்பு விளக்குகூட வைக்கமாட்டார். அதுவும் இரையும் என்பார்.

உள்ளே ஓடுவது முந்நூறு வோல்ட். அதனால் எங்கள் வீட்டில் ஒரு முறை இருந்தது. பெட்டியைத் திறந்து கை வைக்கும்போது, கரண்டு நெஞ்சு வழியாகப் பாயாமல் இருக்க ஒரு கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்வார். இரண்டு கையும் உள்ளே போக வேண்டுமானால், சுவர் சுவிட்சுக்குப் பக்கத்தில் நான் நிற்க வேண்டும். "ஆஃபா?" என்று கேட்பார். "ஆஃபுங்க" என்பேன். அப்புறமும் உடனே தொடமாட்டார். அணைத்த பிறகும் பெட்டிக்குள் கொஞ்ச நேரம் கரண்டு தங்கும், அது வடிய வேண்டும். அதற்காகப் பரமண்டல ஜெபத்தை முதலிலிருந்து கடைசிவரை நிதானமாகச் சொல்வார். நானும் கூடவே ஆமென் சொன்ன பிறகுதான் கை உள்ளே போகும். இருபத்திரண்டு வருஷம், ஒரு தடவைகூட ஜெபத்தைச் சுருக்கியதில்லை. இவரைத்தான் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறாய்.

எங்களுக்கு ஒரு பெண் இருந்தாள், ஷீனா. மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. எண்பத்து நாலாம் வருஷம் பள்ளிப் பிள்ளைகள் பாடிய கிறிஸ்துமஸ் பாட்டுகளை மெட்ராஸில் தட்டாகப் போட்டார்கள். மூன்றாவது பாட்டில் ஒரே ஒரு வரியை ஷீனா தனியாகப் பாடுவாள். பாடுவதற்கு முன்னால் மூச்சு இழுப்பாள். நெஞ்சில் சளி கட்டுகிற பிள்ளை, இழுக்கும்போது கடைசியில் லேசாக ஒரு விசில் வரும். அடுத்த ஆடிச் சாரலில் அந்த மூச்சு நின்றுவிட்டது.

எங்களிடம் அந்தத் தட்டில் நான்கு இருந்தன. மற்றவர்கள் வீட்டில் இருந்ததெல்லாம் மலை ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துப் போயின. கடையில் வாங்கின பெட்டிகளில் பிள்ளையின் வரி கேட்கும், மூச்சு இரைச்சலுக்குள் முங்கிக் கிடக்கும். அதை வெளியே கொண்டுவரத்தான் அவர் முதல் பெட்டியே செய்தார். ஒவ்வொரு கம்பி மாற்றும்போதும் தட்டைப் போட்டுக் கேட்பார். முள் ஓட ஓடத் தட்டு தேயும் கண்ணு. முதல் தட்டில் மூச்சு போயிற்று, பிறகு வரியும் மணலைத் தேய்க்கிற சத்தமாகிவிட்டது. இரண்டாவதும் அப்படி, மூன்றாவதும் அப்படி. நாலாவதை வெளியே எடுத்த அன்றைக்கு நான் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவி வைத்தேன். அவர் முள்ளை வைக்கும் ஒவ்வொரு தடவைக்கும் அதில் ஒரு மிளகு போடுவேன். தோட்டத்து மிளகுதான், குறைச்சல் இல்லை.

இந்தத் தை மாதம் பெட்டி சரியாக வந்தது. மூச்சு வந்தது, அந்த விசிலும் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் கேட்டோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அத்தோடு நிறுத்தியிருந்தால் இன்றைக்கு நீ காபிக்கு அவரிடமும் பாராட்டு சொல்லியிருப்பாய்.

மெல்வின் என்று சேலத்தில் ஒரு பல் வைத்தியன். பல்லை ராவுகிற மிஷின் இரைச்சலில் நாளெல்லாம் நிற்பவன், ரெக்கார்டு கேட்பதுதான் காதுக்கு மருந்து என்பான். பெட்டியைக் கேட்டுப் பார்த்து வாங்கிக்கொள்ள ஒரு வியாழக்கிழமை மலையேறி வந்தான்.

"ஏனுங்க ஆன்ட்டி, மலையில இருவது ஹேர்பின் பெண்டு சுத்தி வந்துருக்கறனுங்க. வெறுங் காபிதானா, முறுக்கு கிறுக்கு இல்லீங்களா?"

"முறுக்கக் கடிச்சுக்கிட்டே கேட்டுப்போட்டு எம்பொட்டி கறமுறங்குதுனு சொல்லுவியாட்ட இருக்குது. மொதல்ல கேளு சாமி, அப்பறந் திங்கலாம்" என்றார் இவர்.

கேட்டான். மூன்றாவது பாட்டு வந்ததும் கண்ணைத் திறந்துவிட்டான். "அங்கிள், அந்தப் பாப்பா மூச்சு இழுக்குதுங்க. எம்பக்கத்துல நின்னு இழுக்கறாப்பல இருக்குதுங்க."

"இன்னொருக்கா போடட்டுமா?"

இன்னொருக்கா போட்டார். அப்புறம் இன்னொருக்கா. அன்றைக்கு மட்டும் ஆறு மிளகு. வலப்பக்க ஸ்பீக்கரில் மட்டும் ஈ மாதிரி ஓர் இரைச்சல் இருக்கிறது என்றான் மெல்வின். சனிக்கிழமைக்குள் சரி செய்கிறேன் என்றார் இவர். "அது ஒன்ன மட்டும் போக்கிருங்க அங்கிள். நானே பத்துப் பேரக் கூட்டியாறன். இந்த மூச்சக் கேட்டாங்கன்னா ஆளுக்கொரு பொட்டி சொல்லாம எந்திரிக்க மாட்டாங்க."

பத்துப் பேர். ஆளுக்கு ஆறு தடவை என்று வைத்துக்கொள். நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே முறுக்கு எடுத்து வந்து வைத்தேன். நல்ல பையன், நான்கு தின்றான். கிளம்பும்போது, "தட்டு தேயுதுன்னு வெசனப்படாதீங்க ஆன்ட்டி, போன்ல புடிச்சு வெச்சிருக்கறன்" என்று போட்டும் காட்டினான். கேட்டேன். குரல் இருந்தது, மூச்சுகூட இருந்தது. அதில் என் பிள்ளை இல்லை. முள் அந்தக் கீறலைத் தொடும்போதுதான் அவள் வருவாள். அது உனக்குப் புரியாவிட்டால் பரவாயில்லை, எழுதிக்கொள்.

அவன் போன பிறகு இவரிடம் சொன்னேன்.

"ஏனுங்க, அந்தத் தட்ட எடுத்து வெச்சரலாமுங்க. வாறவிங்களுக்கு வேற தட்டுப் போடுங்க."

"வேற தட்டுல என்னருக்குது புள்ள? பொட்டியோட அருமை அதுலதான தெரியுது."

"நொம்பத் தேயுதுங்க."

"தேஞ்சாத் தேயட்டும். பீரோக்குள்ள பூட்டி வெக்கறதுக்கா நான் இத்தன வருசம் ஒழைச்சன்? எம்புள்ள மூச்சு உட்டாள்னு பத்துப் பேருக்குத் தெரியட்டுமே."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அவருக்கும் பிள்ளைதானே. இரவு களியும் கீரையும் போட்டேன், சாப்பிட்டார், தூங்கினார். நானும் நன்றாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கெல்லாம் பனி விலகி வெயில் வந்துவிட்டது. மெல்வின் வந்தான், முதல் தடவை கேட்டான். வலப்பக்கத்து ஈ அப்படியே இருந்தது. "அஞ்சு நிமிசம் இரு" என்று இவர் பெட்டியைத் திறந்தார். எங்கள் வீட்டில் சில்வர் ஓக் மரத்தடியில் மட்டும்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். மெல்வின் அங்கே போய் நின்று அந்தப் பத்துப் பேருக்கும் பேச ஆரம்பித்தான். அவன் சிரிப்பது உள்ளே கேட்டது. "வாங்க மச்சா, ஒரு பாப்பா மூச்சு உடறத வந்து கேளுங்க" என்றான்.

இவர் ஸ்பீக்கர் சத்தத்தை முழுசாகக் குறைத்துவிட்டு, இரண்டு சட்டைக் கையையும் மடித்தார். நான் வழக்கம்போல் சுவிட்சுப் பக்கத்தில் நின்றேன்.

"ஆஃபா?"

"ஆஃபுங்க."

நான் செய்தது அந்த ஒரு வார்த்தைதான் கண்ணு. என் கை சுவிட்சின் மேலேயே இருந்தது. அவர் ஜெபத்தை ஆரம்பித்தார். அது எவ்வளவு நீளம் என்று உனக்குத் தெரியுமோ என்னவோ, ஒரு மனுஷி மனசு மாறுவதற்குத் தாராளமாக நேரம் இருக்கிறது. மன்னிப்புக் கேட்கிற இடத்தில் அவர் எப்போதும் கொஞ்சம் குரல் ஏற்றுவார், அன்றைக்கும் ஏற்றினார். விரலை அழுத்தினால் போதும். நான் யோசித்தேன். யோசித்துத்தான் அழுத்தவில்லை. ஆத்திரத்தில் செய்துவிட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதே, நான் ஆத்திரப்படவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஆமென் சொன்னோம். என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார், இரண்டு கையையும் உள்ளே விட்டார்.

பெட்டியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

தட்டை எடுத்துத் துடைத்து உறைக்குள் போட்டு பீரோவில் வைத்தேன். பிறகு சுவிட்சை அணைத்தேன். பிறகுதான் மெல்வினைக் கூப்பிட்டேன். ஓடி வந்தவன் அணைந்திருந்த சுவிட்சைப் பார்த்தான். உள்ளே தங்கின கரண்டு அடித்துவிட்டது, அங்கிள் அவசரப்பட்டுக் கை வைத்துவிட்டார் என்று அழுதான். உங்களிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறான், நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். அவர் அவசரப்படவில்லை. ஜெபத்தை முழுசாகச் சொன்னார். அதற்கு நான் சாட்சி.

வருத்தமா என்று கேட்க வாயெடுக்கிறாய். அவர் இல்லாத வருத்தம் உண்டு. செய்ததற்கு இல்லை. நாளைக்கு நீதிபதி கேட்டாலும் இதேதான், போதகர் கேட்டாலும் இதேதான். மூன்று தடவை என் பிள்ளையைத் தேய்த்துத் தீர்த்தார், நாலாவது தடவை நான் விடவில்லை. தட்டு பத்திரமாக இருக்கிறது.

அவர் போன பிறகு தினமும் காலையில் கோயில் மணி அடித்ததும் ஒரு தடவை போடுவேன். சாயங்காலம் விளக்கேற்றி ஒரு தடவை. மனசு கேட்காத நாளில் இன்னும் இரண்டு மூன்று. இப்போது ஐப்பசி ஆகிறது. இதற்கெல்லாம் பாட்டிலில் மிளகு போடுவதில்லை. பெற்றவள் கேட்பது எப்படிக் கண்ணு தேய்மானம் ஆகும்? என் கை லேசு. கொஞ்ச நாளாக மூச்சு சரியாகப் பிடிபடவில்லை, வரியும் கரகரவென்று வருகிறது. எனக்கு எழுபத்தொன்று, காது மந்தமாகிவிட்டது.

ஸ்டேஷனுக்குக் கிளம்பலாம், சேலையை மாற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன். அதற்கு முன்னால் நீ ஒரு தடவை கேட்டுவிடு. உன் காது இளங்காது, மூச்சு இருக்கிறதா என்று எனக்குச் சொல். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொள், பயப்படாதே, சுவிட்சை நான் பார்த்துக்கொள்கிறேன். நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும் சாமி. உன் வீட்டிலும் உனக்காகச் சுவிட்சுப் பக்கத்தில் நிற்க, என்னைப்போல் ஒரு நம்பிக்கையான ஆள் எப்போதும் இருக்கட்டும்.