வாசல் நம்பர் விழாத சீட்டு

— இடுப்பு விட்டுப்போச்சுக்கா. இந்த மேசைக்கு அடியில இருந்து என்னை யாராவது இழுத்து வெளிய போடுங்க.

— காலையில இருந்து மூணாவது தடவை உள்ள போறே. அங்க என்ன புதையலா இருக்கு, தம்பி?

— ஒயரும் ஒட்டடையும்தான். ஒரு செருப்பு கிடக்கு. ஒத்தைச் செருப்பு.

— அது வாயாடியோடது. வேலை செய்யறப்ப கழட்டி விட்டுட்டு காலை மடக்கி உக்காருவா. வேலையை விட்டு அனுப்பின அன்னைக்கு ஒண்ணைத் தேடித் தேடிப் பார்த்துட்டு, வெறுங்காலோட போனா. இங்க குடு, நான் வச்சுக்கறேன்.

— யாருக்கா வாயாடி?

— இந்த நாலாம் நம்பர் கம்ப்யூட்டர்ல என்கூட மாத்தி மாத்தி உக்காந்த பொண்ணு. காலையில நான், உள்ள வர்ற சரக்கு. மத்தியானம் அவ, வெளிய போற சரக்கு. சீட்டுல வாசல் நம்பர் போடலன்னு அனுப்பிட்டாங்க. ரெண்டு மாசம் ஆச்சு.

— அப்புறம்?

— அப்புறம் என்ன, போன வாரத்துல இருந்து அவ வேலையும் என் தலையில. நாலாம் நம்பர் ராசியில்லாத மிஷின்னு நான் ஆறுக்கு மாறினேன். இப்ப என் சீட்டுலயும் வாசல் நம்பர் விழ மாட்டேங்குது. முந்தாநாள் நோட்டீஸ் குடுத்துட்டாங்க. இன்னொரு தடவை ஆச்சுன்னா நானும் வீட்டுக்கு. அதுக்குத்தானே உன்னைக் கூப்பிட்டது. பிரிண்டர் என்னதான் சொல்லுது?

— பிரிண்டர் மேல குத்தமே இல்ல. ஆறு கம்ப்யூட்டருக்கும் ஒரே பிரிண்டர். ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சுல இருந்து அடிச்சா சீட்டு முழுசா வருது. நாலுல இருந்தும் ஆறுல இருந்தும் அடிச்சா கடைசி வரி விழல. ஒயரை மாத்தினேன். சாப்ட்வேரை அழிச்சிட்டு மறுபடி ஏத்தினேன். பேப்பர் அளவைப் பார்த்தேன். எல்லாத்துலயும் ஒண்ணுதான்.

— 'ஒரு நம்பர்தானே'ன்னு நீயும் நினைக்காதே. அது இல்லன்னா மூட்டை எந்த லாரிக்குன்னு தூக்கறவனுக்கு எப்படித் தெரியும்? முந்தின லோடு போன வாசலுக்கே கொண்டுபோய் அடுக்கிடறான். வாயாடி சீட்டுல அப்படித் தப்பா ஏறினது இருநூத்திப் பத்து மூட்டை. ஏத்தினது அத்தனையும் இறக்கி, அடுத்த லாரியில மறுபடி ஏத்தினாங்க. மூட்டை தூக்கற நெட்டையனுக்குத் தோள்பட்டை இறங்கினது அதுலதான்.

— இப்ப எப்படி இருக்காரு?

— கையைத் தூக்கித் தலை வார முடியல. பொண்டாட்டி வாரி விடறா. கேட்டா, 'கல்யாணத்தன்னைக்குக்கூட இவ்வளவு கவனிப்பு இல்ல'ன்னு சிரிக்கறான்.

— அக்கா, ஒரு உதவி. ரெண்டாம் நம்பர்ல உக்காந்து ஒரு சீட்டு அடிங்க. உங்க கையால.

— ஏன், உன் கைக்கு என்ன வந்துச்சு?

— நாலு உங்க பழைய இடம். ஆறு உங்க புது இடம். அதான்.

— அட, இப்ப என் ராசியைத்தான் சோதிக்கறியா? சரி, நகரு. முட்டி வேற கடகடங்குது... ம், அடிச்சாச்சு. எடுத்துக்கோ.

— அக்கா... கடைசி வரி இல்ல.

— விளையாடாதே. ரெண்டாம் நம்பர் நல்ல மிஷினாச்சே!

— பத்து நிமிஷம் முன்னாடி இதே மிஷின்ல நான் அடிச்சது இது. இப்ப நீங்க அடிச்சது இது. ரெண்டையும் சேர்த்து வச்சு வெளிச்சத்துல பாருங்க.

— நீயே பார்த்துச் சொல்லேன்.

— உங்க சீட்டுல எழுத்து ஒரு நூல் பெரிசு. ஒவ்வொரு வரியும் கொஞ்சம் கொஞ்சமாக் கீழ இறங்கி, கடைசி வரிக்குத் தாளே இல்லாமப் போச்சு. உக்காந்ததும் ஏதோ ரெண்டு பட்டனைத் தட்டினீங்களே, அது என்ன?

— ஒண்ணும் தட்டலையே.

— ஸ்கிரீனைப் பாருங்க. நான் எழுந்தப்ப எறும்பு மாதிரி இருந்த எழுத்து, இப்ப பல்லி மாதிரி நிக்குது.

— அது... சும்மா ஒரு வசதிக்கு.

— நாலுலயும் அப்படித்தான், ஆறுலயும் அப்படித்தான். ஸ்கிரீன்ல பெரிசாக்கினா இந்த சாப்ட்வேர் சீட்டுலயும் பெரிசாக்கித் தொலைக்குது. சீட்டு வளருமா? வளராது. அக்கா, இந்தாங்க, இந்தச் சீட்டைக் கொஞ்சம் படிங்க.

— இதுல என்ன இருக்கு? மாவு மூட்டை, அறுபது, நானூத்திப் பதினெட்டாம் நம்பர் லோடு.

— அது நீங்க அடிச்சது. உங்க கையில இருக்கறது நான் அடிச்ச சீட்டு. சரக்குப் பேர் வர்ற இடத்துல 'டீ குடிக்கப் போகலாமா'ன்னு அடிச்சு வச்சிருக்கேன்.

— கதவைச் சாத்து, தம்பி.

— சாத்திட்டேன். மன்னிச்சுக்கோங்க, அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. எவ்வளவு நாளா?

— பதினெட்டு வருஷம் கீழ ஷெட்ல நின்னு மூட்டை வாய் தைச்சேன். தும்மினா வெள்ளையாத்தான் வரும். கெஞ்சிக் கூத்தாடி இந்த நாற்காலிக்கு வந்து ரெண்டு வருஷம்தான். வந்த ஆறாம் மாசம் வலது கண்ணுல படலம். இப்ப இடதும். எல்லாம் பாலுக்குள்ள இருந்து பார்க்கற மாதிரி இருக்கு. உன் மூஞ்சிகூட குரலை வச்சுத்தான்.

— அது ஒண்ணும் நஷ்டமில்லக்கா. டாக்டர் என்ன சொல்றாரு?

— போடா. ஆபரேஷன் பண்ணினா சரியாயிடும்ங்கறாங்க. ஒண்ணு ஆறி, அடுத்தது பண்ணி, ரெண்டு மாசம் ஆகும். ரெண்டு மாசம் இந்த நாற்காலி எனக்காகக் காலியா இருக்குமா? கண்ணு தெரியலன்னா கீழ அனுப்புவாங்க. கீழ போனாலும் ஊசியில நூல் கோக்கக் கண்ணு வேணுமே.

— எழுத்தைப் பெரிசாக்க யார் சொல்லிக் குடுத்தது?

— வாயாடிதான். நான் ஸ்கிரீன்ல மூக்கைத் தேய்ச்சுக்கிட்டு இருந்ததை ஒரு நாள் பார்த்துட்டா. தும்மினாலே நாலு பேருக்குச் சொல்றவ, இதை யார்கிட்டயும் மூச்சு விடல. எட்டி ரெண்டு பட்டனைத் தட்டினா. எழுத்து எழுந்து வந்து என் முன்னாடி நின்னுச்சு. 'இப்படியே இருக்கட்டும் கிழவி, மத்தியானம் நானும் பெரிசாவே பார்த்துக்கறேன்'னா.

— காலையில உள்ள வர்ற சரக்குக்கு வாசல் நம்பர் கிடையாது. அதான் உங்க சீட்டுல எதுவும் தெரியல. வெட்டுப்பட்டதெல்லாம் அவ சீட்டு.

— ஆமா. விசாரணையில கேட்டாங்க, 'மிஷின்ல எதையாவது மாத்தினியா?'ன்னு. நான் பக்கத்துலதான் நின்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தா. 'ஒண்ணும் மாத்தல'ன்னுட்டா. எழுத்தைப் பெரிசாக்கினதாலதான் சீட்டு வெட்டுதுன்னு அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனா சொல்லியிருந்தா என் கண்ணு வெளிய வந்திருக்கும். மானேஜர் ஒரு தாளை எடுத்துப் படிச்சாரு, மிஷின் நல்லாயிருக்கு, ஆளோட கவனக்குறைவுன்னு. அதோட முடிஞ்சுது.

— அக்கா, கேளுங்க. இப்ப எழுத்தைச் சின்னதாக்கிடறேன். சீட்டு முழுசா வரும். நாளைக்குச் சாப்ட்வேர்ல அந்த ஓட்டையையும் அடைச்சிடறேன். அப்புறம் நீங்க இஷ்டத்துக்குப் பெரிசாக்கிக்கலாம். யாருக்கும் ஒண்ணும் தெரியாது.

— மானேஜருக்கு எழுதிக் குடுப்பியே, அதுல என்ன எழுதுவே?

— 'பழுது நீக்கப்பட்டது'ன்னு.

— அப்ப வாயாடி கதி?

— அவ பேரு அதுல வராதுக்கா.

— வரணும். உள்ளதை எழுது. சாப்ட்வேர்ல தப்புன்னு எழுது. எழுத்தைப் பெரிசாக்கினது யாருன்னு கேட்டா என் பேரை எழுது. எதுக்குன்னு கேட்டா கண்ணையும் எழுது.

— நாற்காலி போயிடும்க்கா.

— போகட்டும்னு சொல்ற அளவுக்கு எனக்கு தைரியம் இல்ல. ஆனா இந்தச் செருப்பை மடியில வச்சுக்கிட்டு நான் எங்க போய் உக்காருவேன்? எழுது... அட, நீ எதுக்கு மூக்கை உறிஞ்சறே? உன் வேலையா போகுது?

— ரெண்டு மாசம் முன்னாடி நான் வந்தது ஞாபகம் இருக்கா?

— ஏன் இல்ல? என் கையால டீ வாங்கிக் குடிச்சிட்டு கால் மணி நேரத்துல ஓடிட்டே.

— ஒண்ணாம் நம்பர்ல மட்டும் உக்காந்து ஒரே ஒரு சீட்டு அடிச்சேன். முழுசா வந்துச்சு. நாலாம் நம்பர் பக்கம் திரும்பக்கூட இல்ல. மானேஜர் படிச்ச தாள்ல இருந்தது என் கையெழுத்துக்கா. அந்தப் பொண்ணுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கு. அதைத் திருப்பித் தரணும்னா, இந்தத் தாள்ல உங்க பேருக்கு முந்தி என் பேரைத்தான் எழுதணும்.