அளத்துமேட்டுக்கு ஆறாம் வகுப்பைக் கொண்டு வந்த அற்புதமேரி அம்மையாருக்கு

மரக்காணத்து உப்பளங்களின் ஓரத்தில், அளத்துமேடு ஊராட்சி ஒன்றியப் பள்ளியில், 1974ஆம் ஆண்டு ஏப்ரல் முப்பதாம் நாளாகிய இன்று பணி நிறைவு பெறும் தலைமையாசிரியை திருமதி அற்புதமேரி அம்மையார் அவர்களுக்கு, உடன் பணியாற்றிய ஆசிரியர்கள் உவகை பொங்கப் படித்தளிக்கும் மடல்.

உப்பு வெயிலிலும் உலராத உள்ளமே! அடங்கிய குரலால் அளத்தையே அசைத்த ஆற்றலே! சாக்பீஸ் பிடித்த கையை உயர்த்தாமலே சர்க்காரை நம் வாசலுக்கு வரவழைத்த சாமர்த்தியமே! வணக்கம்! வணக்கம்! பந்தலுக்கு வெளியே நிற்கிறவர்களின் சார்பிலும் சேர்த்து, மீண்டும் வணக்கம்!

கேள்வியின் நாயகியே!

முப்பது ஆண்டுகளைத் தாண்டிய தங்கள் ஆசிரியப் பணியில் பிற்பாதி முழுவதையும் எங்கள் பள்ளிக்கே தந்தீர்கள். தாங்கள் வந்தபோது இங்கே ஒரு கூரையும் ஒரு கரும்பலகையும் ஐந்து வகுப்புகளும் இருந்தன. ஐந்தோடு படிப்பு முடிந்தது. மேலே படிக்க வேண்டுமென்றால் உப்பளத்து வரப்பில் நடந்து மரக்காணம் போக வேண்டும். ஐப்பசி மழையில் அந்த வரப்பே தண்ணீருக்குள் போய்விடும். பையன்களில் சிலர் போனார்கள். பெண்பிள்ளைகளில் ஒருத்தி கூடப் போகவில்லை. ஏப்ரலில் பரீட்சை எழுதிய கை, மே மாதம் உப்புக் கூடையைப் பிடித்தது.

இதை மாற்றத் தங்களுக்கு ஆசை. ஆனால் தாங்கள் அரசு ஊழியர். கூட்டம் போடக் கூடாது, கோஷம் போடக் கூடாது, அதிகாரியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசக் கூடாது. தாங்கள் விதியை மீறவே இல்லை. கேள்வி கேட்கக் கூடாது என்று எந்த விதியிலும் எழுதவில்லையே! உப்பளத்தில் பெண்கள் கஞ்சி குடிக்க உட்காரும் நேரம் பார்த்து, குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பு வரப்பாகப் போனீர்கள். போன இடமெல்லாம் ஒரே கேள்வி.

"அஞ்சாவது முடிச்சதும் உங்க பொண்ணு ஜூன் மாசம் எங்கம்மா போவா?"

அவ்வளவுதான். பதிலுக்குக் கூட நிற்க மாட்டீர்கள். அடுத்த வரப்புக்குப் போய்விடுவீர்கள். அந்தக் கேள்வி வீட்டுக்கு வீடு சோற்றுப் பானையோடு சேர்ந்து கொதித்ததை நாங்கள் அறிவோம்.

உப்பு வாரும் இருசப்பன் முதலில் சிரித்தார். "பொட்டப் புள்ள ஆறாவது படிச்சா உப்பு இன்னும் வெள்ளையா வரப் போவுதா?" என்று நாலு பேருக்கு நடுவில் கேட்டார். அவர் மனைவி சாலம்மாள் கூடையை இறக்காமலே திரும்பினார்.

"உப்பு எப்படியாச்சும் வரட்டும்யா. எம் பொண்ணு கண்ணு ஒன்னோடது மாதிரி செவந்து போவாம இருக்கட்டும்."

அன்றைக்கு இருசப்பன் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு உப்பு வாரப் போய்விட்டார். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அவர் இப்போதும் தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறார், எல்லோரும் பாருங்கள்!

கொடியில்லாப் படை கண்ட கோமகளே!

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசலில் பூசை முடிந்து பெண்கள் கூடினார்கள். மாரியம்மன் கோயில் தெருப் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். பள்ளி ஆய்வாளரையே நேரில் பார்த்து ஆறாம் வகுப்பு கேட்பது என்று முடிவாயிற்று. செய்தி பரவியதும் கட்சிக்காரர்கள் இரண்டு பேர் கொடிக்கம்பத்தோடு ஓடி வந்தார்கள். "நாங்க முன்னால நிக்கிறோம், நீங்க பின்னால வாங்க" என்றார்கள். சாலம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அண்ணே, ஒரு கொடி வந்தா பின்னாலயே இன்னொண்ணு வரும். ரெண்டும் அடிச்சுக்கும். எங்க புள்ளைங்க நடுவுல நின்னுட்டுப் பாக்கும். நாங்க வெறும் கூடையோட போறோம், உட்டுடுங்க."

"அப்ப டீச்சராச்சும் வருவாங்களா?" என்று கேட்டாள் பொன்னி. சாலம்மாளின் பக்கத்துப் பாத்தியில் வேலை செய்கிறவள், எதையும் உரக்கச் சொல்லிவிடுகிறவள்.

தாங்கள் சொன்னீர்கள்: "நான் சம்பளக்காரி பொன்னி. என் வாய் கட்டிக் கெடக்குது. உங்க வாய யாரு கட்டினாங்க?"

அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது!

போன ஆண்டு மாசி மாதம். உப்பு விளைந்து பாத்தி பாத்தியாக மின்னிக்கொண்டிருந்தது. பள்ளி ஆய்வாளர் வருகிறார் என்று தகவல். பெண்கள் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பாதையில் காத்திருந்தார்கள். புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு சர்க்கார் ஜீப் வந்தது. நம் ஊருக்கு ஜீப் வருவதே ஆண்டுக்கு இரண்டு முறை. பொன்னி குறுக்கே பாய்ந்தாள். கூடைகள் வட்டமாக இறங்கின. தொப்பி போட்ட அதிகாரி ஒருவர் இறங்கி, "அம்மா, நான் வந்து..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க அப்புறம் பேசுங்க. மொதல்ல நாங்க!"

பேசினார்கள் பாருங்கள்! வரப்பு மூழ்குவதைச் சொன்னார்கள். பத்து வயதுப் பிள்ளையின் உள்ளங்காலில் உப்பு அறுத்த புண்ணைச் சொன்னார்கள். ஆறாம் வகுப்பு கேட்டால் கட்டடம் இல்லை என்று கை விரிக்கிறீர்களே, இது நியாயமா என்று கேட்டார்கள். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். கடைசியில் மெல்லச் சொன்னார்.

"அம்மா, நான் உப்பு இலாகா. உப்புக் குவியலை அளக்க வந்தேன். ஸ்கூலு நம்ம கையில இல்லையே."

"அய்யய்யோ, தப்பு ஜீப்பு!" என்று பொன்னி தலையில் அடித்துக்கொண்டாள். உப்பளமே அதிரும்படி சிரிப்பு! அதிகாரியும் சிரித்தார். சாலம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

"ஏன் சார், சர்க்காரு ஒண்ணுதானே? ஒரு ஜீப்பு இன்னொரு ஜீப்புகிட்ட சொல்லாதா?"

சிரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து சுற்றும் முற்றும் பார்த்தார். பள்ளிக்குப் பின்னால், முற்காலத்தில் உப்புக் காவலர்கள் தங்கியிருந்த கல் கட்டடம் பூட்டிக் கிடந்தது. அதன் நிழலில் ஆடுகள் படுத்திருந்தன. "அது எங்க இலாகாவோடதாச்சே!" என்றார். மேலிடத்தில் பேசி, ஒரு மாதத்திற்குள் சாவியை அவரே கொண்டு வந்து கொடுத்தார்!

அம்மையீர், ஒரு சந்தேகம். தாங்கள் உப்பு இலாகா ஜீப்பையும் அறிவீர்கள், ஆய்வாளர் ஜீப்பையும் அறிவீர்கள். பள்ளி ஜன்னல் அந்தப் பாதையைப் பார்த்தபடிதான் இருக்கிறது. ஆளைத் தவறாகப் பிடிக்கிறார்கள் என்று தங்களுக்கு முன்பே தெரியாதா? நாங்கள் கேட்டபோதெல்லாம் தாங்கள் சொன்ன பதில் ஒன்றே ஒன்று: "வகுப்பு நடந்துட்டிருந்துச்சு. பாடம் நடக்கறப்ப ஜன்னல் வழியா வேடிக்கை பாக்கறது ஒழுக்கக் கேடு."

ஊர் கூட்டிய உத்தமியே!

ஆடுகள் வெளியேறின. பக்கத்து ஊர் அனுமந்தை மீனவர்கள் ஓட்டைக் கூரைக்குக் கட்டையும் கீற்றும் ஏற்றி வந்தார்கள். உப்பளத்து ஆட்கள் சுண்ணாம்பு அடித்தார்கள். பங்குச் சாமியார் பழைய பெஞ்சுகளை அனுப்பினார். உண்மையான ஆய்வாளர் வந்தபோது, ஒருமுறை பேசிப் பழகிவிட்ட பெண்கள் கணீரென்று பேசினார்கள்! ஜூன் மாதம் ஆறாம் வகுப்பு திறந்தது. ஆனால் ஓராண்டுக்கு மட்டும்தான் அனுமதி. உப்புக் காலத்தில் பிள்ளைகள் வராமல் போனால் வகுப்பை மூடிவிடுவோம் என்று கண்டிப்பான நிபந்தனை.

கற்பிக்க ஆள் தரவில்லை. தலைமையாசிரியை வேலையோடு ஆறாம் வகுப்பையும் தாங்களே எடுத்தீர்கள். கணக்கு, வரலாறு, ஆங்கிலம் எல்லாம் ஒரே தொண்டையில்! தொண்டை கட்டிய நாட்களில் கரும்பலகை பேசியது.

இந்த ஆண்டு மார்ச் வந்தது. நாங்கள் பயந்தபடியே நடந்தது. உப்பு குவிந்தது, ஆள் போதவில்லை, அளத்து மேஸ்திரி வீடு வீடாக வந்து பிள்ளைகளை அழைத்தார். முதல் பெஞ்சில் ஓர் இடம் காலியாயிற்று. சின்னப்பாப்பாவின் இடம். சாலம்மாள் பெற்ற மகள்! அம்மா முன்கூட்டியே அளத்துக்குப் போய்விட, அப்பா இருசப்பன் மகளைக் கூடையோடு கூட்டிப் போய்விட்டார்.

அன்று காலை வருகைப் பதிவு எடுத்தபோது அந்தப் பெயரைக் கூப்பிட்டுவிட்டு, பதில் வராமல் தாங்கள் நின்றதை நாங்கள் மறக்க மாட்டோம். சின்னப்பாப்பா முந்தின நாள் பெஞ்சிலேயே விட்டுப் போன புத்தகப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு, இடைவேளையில் குடை கூட எடுக்காமல் வரப்பில் நடந்தீர்கள். வரிசையாகக் கூடை சுமந்து வந்த பெண்களின் எதிரில் போய், பையைச் சாலம்மாளின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினீர்கள்.

சாலம்மாள் வரிசையின் கடைசியைப் பார்த்தார். தன் மகள் தலையில் கூடை. தன் கூடையைத் தரையில் வைத்தார்.

"ஏய், என்னா இது?" என்று மேஸ்திரி கத்தினார்.

"அவ கூடை எறங்கட்டும் மேஸ்திரி. அப்புறம் எங்க கூடை ஏறும்."

பொன்னி வைத்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. வரிசை முழுவதும் கூடைகள் இறங்கின. உப்பு வாரிக்கொண்டிருந்த ஆண்களும் பலகையை ஊன்றி நின்றுவிட்டார்கள். வெயில் ஏறுகிறது, மேஸ்திரி குதிக்கிறார், ஒருவரும் அசையவில்லை! கடைசியில் இருசப்பன்தான் மகளின் தலையிலிருந்து கூடையை இறக்கினார்.

"ஊரே நின்னுடுச்சுன்னா நான் ஒருத்தன் இன்னாம்மா பண்றது? போ பாப்பா, ஓடு. டீச்சரு கதவ சாத்திடப் போறாங்க."

சின்னப்பாப்பா ஓடி வந்தாள். தாங்கள் கதவைச் சாத்தவில்லை. அவள் பெயரை மறுபடியும் கூப்பிட்டீர்கள். "உள்ளேன் அம்மா!" என்று அவள் மூச்சு வாங்கச் சொன்னது அடுத்த வகுப்பில் நின்ற எங்களுக்கும் கேட்டது. அன்றிலிருந்து பள்ளி நேரத்தில் எந்தப் பிள்ளையின் தலையிலும் கூடை ஏறவில்லை. ஆறாம் வகுப்பில் சேர்ந்த அத்தனை பேரும் பரீட்சை எழுதினார்கள், அத்தனை பேரும் தேறிவிட்டார்கள்!

ஓய்வறியா ஒளிவிளக்கே!

தங்கள் பொறுமையையும் நேர்மையையும் சொல்லத் தொடங்கினால் இந்த மடலுக்குப் போட்ட கண்ணாடிச் சட்டம் போதாது. பிள்ளையின் காய்ச்சலுக்கு மரக்காணம் ஆஸ்பத்திரி வரை தூக்கிக்கொண்டு நடந்ததையும், எங்களில் ஒருவர் வகுப்பில் பிரம்பை ஓங்கியபோது அதை வாங்கிக் கரும்பலகையில் எழுத்தைச் சுட்டிக் காட்டும் கோலாக்கியதையும் நெஞ்சில் வைத்திருக்கிறோம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நோயின்றி, குறையின்றி, நெடுங்காலம் நிறைவோடு வாழ மாதாவையும் மாரியம்மனையும் சேர்த்தே வேண்டுகிறோம்.

இனி ஒன்றைப் பணிவோடு பதிவு செய்கிறோம். இதில் கையொப்பமிடும் நாங்கள் அனைவரும் அரசு ஊழியர்கள். ஆகவே இந்த மடலில் எந்தக் கோரிக்கையும் கிடையாது. விழாவுக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் பள்ளி ஆய்வாளர் ஐயா அவர்களிடம் நாங்கள் எதையும் கேட்கவில்லை. ஆறாவது தேறிய சின்னப்பாப்பாவுக்கும் அவள் தோழிகளுக்கும் ஜூன் மாதம் ஏழாம் வகுப்பு உண்டா, அல்லது மறுபடியும் கூடைதானா என்று கேட்கவே இல்லை. இது வெறும் பாராட்டு.

ஆனால் தாங்கள், அம்மையீர்! தங்கள் பணி ஓய்வு ஆணை இன்று பிற்பகலோடு நடைமுறைக்கு வருகிறது. அலுவலக நேரம் ஐந்து மணிக்கு முடிகிறது. இந்த மடல் வாசிப்பை நாலரை மணிக்கு மேல் வைத்தது தற்செயல் அல்ல. மடல் முடிந்ததும் ஏற்புரை சொல்வது வழக்கம் என்பதை ஐயாவும் அறிவார்.

அதுவரை அவசரம் வேண்டாம். மாலைகள் வரட்டும். கலர் சோடா குடியுங்கள். மேசை மேல் கடிகாரம் தங்கள் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. பந்தல் நிறைய ஊர் உட்கார்ந்திருக்கிறது. சற்று முன் மேடையோரம் வந்த சாலம்மாள் எங்களிடம் சொல்லிவிட்டுப் போனார்: "இத்தினி நாளு நாங்க பேசினோம். இன்னிக்கு டீச்சரு பேசட்டும், நாங்க கை தட்டறோம்."

ஐந்து அடித்ததும் எழுந்திருங்கள், டீச்சர். ஒலிபெருக்கி தங்களுடையது. சத்தமாகவே கேளுங்கள்!

இங்ஙனம்,
தங்கள் வாய்க்கு விடுதலை கிடைப்பதைக் காணக் காத்திருக்கும்
ஆசிரியர்கள்,
ஊராட்சி ஒன்றியப் பள்ளி, அளத்துமேடு.